பழைய ஏர் ரைஃபிளுக்கு டயாப்டர் சைட்: கேள்வி பதில்

அப்பாவின் பழைய ஏர் ரைஃபிள், பேரலை மடக்கி ஏற்றுவது. மேலே சைட் மாட்டும் பள்ளமே இல்லை. துளை போட்டு டயாப்டர் சைட்டை (சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பின் சைட்) பொருத்தலாமா?

வேண்டாம். நீங்கள் துளை போட நினைக்கும் குழாய்க்குள்தான் பிஸ்டன் ஓடுகிறது, துளையின் ஓரத்தில் சின்னப் பிசிறு நின்றால்கூட அடுத்த முறை கழற்றி மாட்டும்போது சீல் கிழிந்துவிடும். நானே ஒன்றை இப்படிக் கெடுத்திருக்கிறேன். உங்கள் மாடலுக்கென்றே திருகில் உட்காரும் ரெயில் வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பள்ளம் 11 மி.மீ., சைட்டும் 11 மி.மீ. ஆனாலும் ஆடுகிறதே?

அளவு ஒன்றானாலும் பள்ளத்தின் கோணமும் ஆழமும் ஒன்றாக இருக்காது. சைட்டின் தாடையில் மார்க்கர் மையைப் பூசி, இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். விளிம்பில் மட்டும் மை அழிந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

ஐம்பது பெல்லட் சுடுவதற்குள் சைட் பின்னால் நகர்ந்துவிடுகிறது, சார்.

ஸ்பிரிங் ரைஃபிளின் குணம் அது. முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் வெட்டி இழுக்கும். ரைஃபிள் முன்னே போகிறது, சைட் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. பள்ளத்தில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, சைட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். திருகை மேலும் மேலும் முறுக்கினால் மரைதான் போகும்.

பின் சைட்டை அடிமட்டம் வரை இறக்கியும் குண்டு மேலேயே போகிறது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டயாப்டர் உயரமானது, பழைய முன் சைட் குட்டை. கணக்கு எளிது: இலக்கில் எத்தனை மி.மீ. தவறு என்பதை இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, சுடும் தூரத்தால் (அதையும் மி.மீ.-ல் எடுத்து) வகுக்க வேண்டும். 10 மீட்டரில் 40 மி.மீ. மேலே போகிறது, சைட் இடைவெளி 700 மி.மீ. என்றால் 2.8 மி.மீ. வரும். முன் சைட்டை அவ்வளவு உயர்த்துங்கள். முன் சைட் ஏறினால் குண்டு இறங்கும், பின் சைட்டுக்கு நேர் எதிர். சைட் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் காசு மிச்சம்!

முன் சைட்டுக்குள் போடும் வளையம் எந்த அளவு?

10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கண்ணிலிருந்து முன் சைட் 90 செ.மீ. தள்ளி இருந்தால் அந்த வட்டம் அங்கே சுமார் 2.7 மி.மீ. அளவுதான் தெரியும். வளையம் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை தெரிய வேண்டும். 3.6-ல் தொடங்கிப் பாருங்கள். இறுக்கமான வளையம் துல்லியமாகத் தோன்றும், ஆனால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

எல்லாம் சரியாகப் பொருத்தியும் முன்பைவிடச் சிதறுகிறது. சைட் பழுதா?

பேரல் மடங்கும் மூட்டைப் பாருங்கள். முன்பு இரண்டு சைட்டும் பேரலோடு சேர்ந்தே இருந்தன, மூட்டு லேசாக ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடியதால் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது பின் சைட் குழாய் மேல், முன் சைட் பேரல் மேல். ரைஃபிள் காலியாக இருக்கிறதா, ஸ்பிரிங் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேரலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் மூட்டுத் திருகை இறுக்கிவிட்டு அப்புறம் சைட்டைக் குறை சொல்லலாம்.