இனிஷியலும் வரிப்பணமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஏழு வருடமாகக் கணவரும் நானும் இங்கிலாந்தில், லீட்ஸில் வேலை பார்க்கிறோம். ஆகஸ்ட் 31 எனக்குக் கடைசி வேலை நாள். மூன்று வயது மகளோடு சேலத்துக்கே வந்துவிடுகிறோம். ஏற்காட்டில் அப்பாவின் காப்பித் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. நடுவருடத்தில் கிளம்பினால் பிடித்த வருமான வரியில் ஒரு பங்கு திரும்ப வரும் என்கிறார்கள். நாட்டை விட்டுப் போகிறோம் என்று இங்குள்ள வரித்துறைக்குச் சொல்லும் பி85 படிவத்தைக் கிளம்பும் முன் அனுப்புவதா, ஊர் வந்த பிறகா? ஒரு ஏஜென்ட் 30 சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா? அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவிலும் வரி உண்டா? போன வருடத்துச் சம்பளமும் வரியும் காட்டி கம்பெனி தந்த பி60-ஐ இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

வேலையை விடும்போது கம்பெனி தரும் வரிச் சான்றான பி45 கைக்கு வந்த அன்றே பி85-ஐ அனுப்பிவிடுங்கள். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அது பெட்டிக்கு அடியில் போய்விடும். வரி வருடம் முடிந்து நான்கு வருடம் வரை கேட்கலாம்தான். ஆனால் அதற்குள் கம்பெனி லாகின் போயிருக்கும், அந்த ஊர் சிம் போயிருக்கும், முகவரியும் போயிருக்கும்.

பணம் ஏன் திரும்ப வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. வருடத்துக்கு 12,570 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு வரி கிடையாது. பே ஸ்லிப்பில் 1257எல் என்று ஒரு குறியீடு இருக்குமே, அது இதைத்தான் சொல்கிறது. இந்தச் சலுகையைச் சம்பளப் பிரிவு பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தருகிறது. மாதம் 3,000 பவுண்டு சம்பளம் என்று வையுங்கள். ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்தில் 15,000. அதில் கழித்தது முழுச் சலுகையில் 12-இல் 5 பங்கு, அதாவது ஏறக்குறைய 5,240 பவுண்டு. மீதிக்கு 20 சதவீதம் என்றால் 1,950 பவுண்டு பிடித்திருப்பார்கள். அடுத்த ஏப்ரல் 5 வரை அங்கே வேறு வருமானம் இல்லையென்றால் முழுச் சலுகையும் உங்களுடையது. கட்ட வேண்டிய வரி 486 பவுண்டுதான். கிட்டத்தட்ட 1,460 பவுண்டு திரும்ப வர வேண்டும். ஓய்வூதியம் போன்றவற்றுக்காகப் பிடித்த நேஷனல் இன்ஷூரன்ஸ் வராது, அதை இதோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஏஜென்டுக்கு 30 சதவீதமா? 440 பவுண்டு! படிவத்துக்குக் கட்டணமே கிடையாது, சில பக்கம்தான். கிளம்பும் தேதி, அங்கே தொடரும் வருமானம், வீடு, பணத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஏழு வருடம் அந்த ஊரில் குப்பை கொட்டியவருக்கு இதை நிரப்ப ஆள் வேண்டுமா? கொடுக்காதீர்கள்.

இந்திய வரிக்கும் பயப்பட வேண்டாம். செப்டம்பரில் வந்தால் 182 நாளைத் தாண்டி இங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள், உண்மைதான். ஆனால் முந்தைய 7 வருடத்தில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திராவிட்டால் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற வகை. அங்கே உழைத்து அங்கத்திய கணக்கில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. பாஸ்போர்ட்டில் வரவு, போக்கு முத்திரை விழுந்த பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அதுதான். மெயிலின் தலைப்பில் ஒரு பெயர், கீழே கையெழுத்தில் இன்னொரு பெயர், இணைத்த பி60-இல் மூன்றாவது பெயர். ஏனம்மா, இதை நீங்கள் கவனிக்கவே இல்லையா?

உங்கள் பெயர் வேண்டாம், கவிதா என்று வைத்துக்கொள்வோம். அப்பா செல்வம், கணவர் முருகன். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் 'செ. கவிதா'. ஆதாரிலும் அப்படியே. பான் கார்டில் இனிஷியல் எடுக்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும், அதனால் 'கவிதா செல்வம்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, இரண்டும் சேர்ந்து இயற்பெயர்க் கட்டத்தில். லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதும் 'செல்வம்' என்று போட்டிருப்பீர்கள். இப்போது வரித்துறைக்கு நீங்கள் 'மிஸஸ் செல்வம்'. கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய பேங்க் கணக்கோ 'கவிதா முருகன்'. திரும்ப வரும் பணம் மிஸஸ் கே. செல்வத்தின் பெயரில் காசோலையாக வந்தால் எந்தக் கணக்கில் போடுவீர்கள்? சேலத்துக்கு வந்து சேர்ந்தாலும், பவுண்டு காசோலையைக் கலெக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயரும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பியே வந்துவிடும்.

இனிஷியலை நான் குறை சொல்லவில்லை. சாதிப் பட்டத்தை உதறிவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்து போதும் என்று நம் ஊர் எடுத்த முடிவு அது. எனக்கு அதில் பெருமை உண்டு. என் கோபமெல்லாம் நம் அசட்டையின் மேல். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் ஒரு படிவத்தில் அப்பா, இன்னொன்றில் கணவர், வேறொன்றில் ஊர், அதுவும் தோன்றாவிட்டால் ஒரு புள்ளி. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததை எழுதிவிட்டு வருகிறோம். படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறோம்.

ஆகவே பெயர் விஷயத்தை முதலில் முடியுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ, மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்துச் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். இதில் அவசரம் உண்டு. பி45 அவர்கள் கணினியில் உள்ள பெயரில்தான் அச்சாகும், ஒரு முறைதான் தருவார்கள், நகல் தர விதியில்லை. அது வந்ததும் மூன்று இடம் பாருங்கள். பெயர், வேலை விட்ட தேதி, அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும். கடைசி பே ஸ்லிப்போடு தொகை ஒத்துப்போக வேண்டும். தபாலில் பி85 அனுப்பினால் பி45-இன் 2, 3 பகுதிகளைக் கூட வையுங்கள், நகல் எடுத்துக்கொண்டு. 1ஏ பகுதி உங்களுடையது, யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பேங்கில் கல்யாணச் சான்றிதழைக் காட்டிப் பெயரைச் சரிசெய்யுங்கள். பணம் வந்து சேரும்வரை அந்தக் கணக்கை மூடவே கூடாது. வரித்துறைத் தளத்தின் லாகின் குறியீடு அந்த ஊர் சிம்முக்கு வருகிறதென்றால், சிம் உயிரோடு இருக்கும்போதே, போனிலேயே குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். பே ஸ்லிப், பி60 எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று கம்பெனி லெட்டர்பேடில், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் வேலை செய்த தேதிகளும் போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் நோட்டரியிடம் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது இங்கத்திய பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உதவலாம், லண்டன் வரித்துறைக்கு உதவாது.

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். அதில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது? பாப்பாவின் பெயருக்குப் பின்னால் யார் பெயர்? தப்பென்றால் அங்கே இருக்கும்போதே பதிவு அலுவலகத்தில் திருத்திவிடுங்கள். திருத்திய பிறகு, வேறு நாட்டிலும் செல்லுபடியாகும்படி அந்த அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், செய்தால் முத்திரைத் தாளை ஒட்ட முடியாது. ஏற்காட்டு ஈரத்துக்குப் பயந்து செய்யத் தோன்றும். ஜிப் கவரில் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்தால் போதும்.

அப்பா தோட்டத்தை உங்கள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதும் எண்ணத்தில் இருந்தால், பத்திரத்தில் உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து.