மதுரையில் ஒரே மாலை: அம்மாவுக்குச் சைவம், பையன்களுக்குக் கறிதோசை

அம்மா சுத்த சைவம், பையன்கள் இருவருக்கும் கறிதோசை வேண்டும், மதுரையில் இருப்பதோ ஒரே மாலை, எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஒரு கடை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கடையைத் தேடவே வேண்டாம். சைவமும் அசைவமும் சேர்த்துப் போடும் இடங்களில் இரண்டுமே சுமாராகத்தான் இருக்கும், என் நாக்குக்கு அப்படித்தான்.

மதியம் சாத்திய கோயில் நடையை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தரிசனம் முடித்து, மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடைக்கு எல்லாருமாகப் போங்கள். வெள்ளையப்பமும் காரச் சட்னியும் சொல்லுங்கள். பையன்களை மட்டும் ஒன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அம்மாவை அறையில் விட்டுவிட்டு, சிம்மக்கல் கோனார் கடைக்கு ஆட்டோ பிடியுங்கள். கல்லில் தடிமனாக மாவு, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி. திருப்பிப் போட்டு எண்ணெய் மினுங்க எடுப்பார்கள். ஒன்றிலேயே வயிறு முட்டிவிடும், எடுத்ததுமே ஆளுக்கு இரண்டு சொல்லாதீர்கள்.

ஜிகர்தண்டாவை அம்மா கூட இருக்கும்போதே விளக்குத்தூண் பக்கம் முடித்துவிடுங்கள். பால், பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்கிரீம்தான், அவரும் சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் யோசியுங்கள், இனிப்பு தூக்கலாக இருக்கும்.