வீட்டுக்குப் போட்டோ பிரிண்டர்: கடையில் எதைச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி: பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஃபோனிலேயே கிடக்கின்றன. மாதம் 20, 30 படங்களாவது 4x6 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்க ஆசை. கடையில் கேனான் செல்ஃபி சிபி1500, எப்சன் எல்8050 இரண்டையும் காட்டினார்கள். செல்ஃபியைக் கையில் எடுத்தால் பொம்மை மாதிரி லேசாக இருக்கிறது. உழைக்குமா?

பதில்: எடையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செல்ஃபி ஒரு கிலோகூட வராது. அதன் வேலைக்கு அது போதும். நான் பார்த்தவரை, வெளிக்கூடு உடைந்து வீணான போட்டோ பிரிண்டர் குறைவு. பேப்பர் போகும் வழியிலும் இங்க் வரும் வழியிலும்தான் பெரும்பாலும் கோளாறு வரும்.

செல்ஃபியில் இங்க் பாட்டிலே கிடையாது. ரிப்பனில் பூசியிருக்கும் நிறத்தைச் சூடாக்கிப் பேப்பரில் ஏற்றுகிறது. கடையில் ஒரு படம் போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். பேப்பர் முதல் தடவை வெளியே வரும்போது முகமெல்லாம் வெறும் மஞ்சளாக இருக்கும். உள்ளே போய்த் திரும்பினால் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு சேர்ந்து செம்மஞ்சளாகியிருக்கும். மூன்றாம் தடவை சயான் என்ற பச்சை கலந்த நீலம் ஏறியதும் பிள்ளையின் முகம் அப்படியே வந்து நிற்கும். நான்காம் தடவை நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. ஈரக்கை பட்டாலும் படம் கலையாதது இந்தப் பூச்சினால்தான்.

நான்கு தடவையும் பேப்பர் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். இதன் பில்டு குவாலிட்டி அதில்தான் இருக்கிறது. கண் இமை, சட்டைக் கோடு மாதிரி மெல்லிய இடங்களை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு நிறம் மட்டும் விலகி நிழல் மாதிரி தெரிந்தால் அந்த மெஷின் வேண்டாம். பேப்பர் கேசட்டை நாலைந்து முறை கழற்றி மாட்டுங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். பேப்பர் பின்பக்கமும் நீண்டு வரும் என்பதால் வீட்டில் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. தூசி இதற்கு எதிரி: பேப்பரில் ஒரு துகள் இருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். வேலை முடிந்ததும் கேசட்டைக் கழற்றி மூடி வையுங்கள்.

பெட்டியில் செல்ஃபிக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு), எப்சனுக்கு 5760 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செல்ஃபி ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் போடும். எப்சன் மாதிரி இங்க்கைத் துளியாகத் தெளிக்கும் இங்க்ஜெட்டால் அது முடியாது. பொடிப்பொடித் துளிகளைக் கலந்து வைத்துத்தான் ஒரு நிறத்தைக் காட்ட வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய எண். இரண்டையும் ஒப்பிட முடியாது.

எல்8050-இல் வழக்கமான நான்கு நிறங்களோடு (மஞ்சள், மெஜந்தா, சயான், கருப்பு) வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என இன்னும் இரண்டு இருக்கின்றன. கன்னம், வானம் போன்ற இடங்கள் பொரிபொரியாகத் தெரியாமல் வழவழவென்று வரும். ஏ4 வரை போடலாம். ஆனால் இங்க் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு இங்க் டேங்க் பிரிண்டரை இரண்டு மாதம் தொடாமல் விட்டுவிட்டோம். இங்க் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டது, முகங்களெல்லாம் நீலம் பாரித்து வந்தன. ஹெட் கிளீனிங் கொடுத்துக் கொடுத்தே பாதி மஞ்சள் இங்க் போய்விட்டது. வாரம் ஒரு கலர் படமாவது போடுங்கள். அணைக்கும்போது முதலில் பிரிண்டரின் பட்டனை அழுத்துங்கள். நேரே சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் தன் மூடிக்குப் போய்ச் சேராமல் காய்ந்துவிடும்.

கடையில் எப்சனுக்கு நாசில் செக், அதாவது ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் கோடுகளை, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோடுகள் எங்கும் விட்டுப்போகக் கூடாது. அப்புறம் ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதில் பச்சையோ சிவப்போ அடித்தால் நிறச் சமநிலை சரியில்லை. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் உருளை பதிந்த தடம் இருக்கிறதா என்று தெரியும். போட்டோ பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் சாதாரணப் பேப்பர் என்று விட்டால் எந்தப் பிரிண்டரிலும் படம் கெட்டுத்தான் வரும். அதையும் கவனியுங்கள்.

மாதம் ஒருமுறை உட்கார்ந்து 20, 30 படம், அதுவும் 4x6 மட்டும்தான் என்றால் உங்களுக்குச் செல்ஃபிதான் சரி. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அடைத்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. ரிப்பனும் பேப்பரும் 108 படத்துக்கு ஒரே செட்டாகக் கிடைக்கும். அந்த விலையை 108-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு தெரிந்துவிடும். இங்க் செலவை மட்டும் பார்த்தால் எப்சனில் ஒரு படத்துக்கு ஆவது குறைவுதான். ஆனால் அந்த லாபம் அடிக்கடி போடுகிறவர்களுக்கு. செல்ஃபி படம் 100x148 மில்லிமீட்டர், 4x6-ஐ விடக் கொஞ்சம் சிறியது. ஆல்பப் பையில் லேசாகத் தளர்ந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 4x6-க்கு 1200x1800 பிக்சல் இருந்தால் போதும்.

இன்னொன்று. செல்ஃபியில் தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் போட்ட ஒவ்வொரு படமும் நெகட்டிவ் மாதிரி அதில் இருக்கும். பிள்ளைகளின் முகங்கள். அதை அப்படியே குப்பையில் போடாமல், கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிப் போடுங்கள்.