பட்லியா தழைக்கிறது, பூக்க மாட்டேன் என்கிறது

கேள்வி: பட்டாம்பூச்சி வரட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் பட்லியா வைத்தேன். முதல் வருடம் ஊதா நிறத்தில் கதிர் கதிராகப் பூத்தது. இது மூன்றாம் வருடம். என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, அடியில் வெறும் குச்சி, உச்சியில் நாலைந்து பூ. மாதம் தவறாமல் உரம் வைக்கிறேன். இலையில் மஞ்சள் புள்ளி வேறு. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து அப்புறம். முதலில் அந்த உரத்தை நிறுத்துங்கள்.

பட்லியா சீனாவின் மலைச்சரிவுகளிலும் ஆற்றோரக் கல் நிலங்களிலும் தானாக முளைத்து வளர்கிற செடி. சத்தில்லாத மண் அதற்குப் பழக்கம். நீங்கள் மாதாமாதம் தழைச்சத்தை ஊட்டினால் அது இலையாகவும் நீளக் குச்சியாகவும் போடுமே தவிர, பூக்க வேண்டிய அவசியம் அதற்கு வராது. வருடத்துக்கு ஒரு தடவை, துளிர் விடும் சமயத்தில் இரண்டு கை மக்கிய தொழு உரம் தூரைச் சுற்றிப் போட்டால் தாராளம்.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. நீங்கள் மூன்று வருடமாகக் கத்தரியே வைக்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் பூப்பது அதன் அச்சு அடையாளம். சாதாரணமாக வீடுகளில் இருக்கும் பட்லியா டேவிடி அந்தந்த வருடம் விட்ட புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். அதனால் குளிர் முடிந்து கணுக்களில் மொட்டு பருக்கிற நேரம் பார்த்து, தரையிலிருந்து ஒரு அடி விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். ஆமாம், எல்லாவற்றையும். குளிர் காலமே இல்லாத இடம் என்றால் பூப்பு ஓய்ந்து புதுத் துளிர் கிளம்பும் முன்பு வெட்டலாம். நானும் முதல் தடவை மனசு கேட்காமல் பாதியோடு நிறுத்தினேன், பாதிக்கு மேலேதான் பூத்தது, அடிக்குச்சி அப்படியே நின்றது. பயமாக இருந்தால் செடியை வெட்டும் முன்பே, பூ இல்லாத இளம் நுனிகள் சிலவற்றை நாலு அங்குலத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றி வையுங்கள். சில வாரத்தில் வேர் பிடித்துவிடும், தாய்ச்செடிக்கு என்ன ஆனாலும் கன்று கையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பட்லியா ஆல்டர்னிஃபோலியா என்று ஒரு வகை உண்டு, தொங்கும் கிளை முழுக்க சின்னச் சின்னக் கொத்தாகப் பூக்கும். அது போன வருடக் கிளையில் பூப்பது. அதைப் பூப்புக்கு முன்பு வெட்டினால் அந்த வருடம் பூவே கிடைக்காது. உங்களுடையது கதிராகப் பூத்தது என்கிறீர்கள், அதனால் தைரியமாக வெட்டலாம்.

பூக்க ஆரம்பித்த பிறகு வாடிய கதிரை அப்படியே விடாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் இலை ஜோடி வரைக்கும் நறுக்கினால் அந்த இரண்டு இலைக் கக்கத்திலிருந்தும் புதுக் கதிர் வரும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இதன் விதை தூசி மாதிரி, காற்றில் பறக்கும். பிரிட்டனில் ரயில் பாதை ஓரத்திலும் இடிந்த சுவரிலும் இது களையாகவே மண்டிக் கிடக்கிறது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொல்லைக் களைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். புதுச் செடி வாங்குவதாக இருந்தால் விதை பிடிக்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும், அதற்கு வைத்தியம் கிடையாது.

சரி, மஞ்சள் புள்ளி. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் செம்பேன், வறண்ட வெயிலில் வருவது. காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரு வாரம் பத்து நாள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது தேனிலும் இறங்கும், நீங்கள் கூப்பிட்ட விருந்தாளிக்கே விஷம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பட்லியா பட்டாம்பூச்சிக்குத் தேன் கொடுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தின்னாது, அதனால் முட்டையிட அவை வேறு செடியைத் தேடிப் போய்விடும். பக்கத்திலேயே எலுமிச்சையோ கறிவேப்பிலையோ எருக்கோ நிற்கட்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் நசுக்கும் முன் குனிந்து பாருங்கள், அநேகமாக அது புழு. நாலு இலை போனால் போகட்டும்.