உப்புக் காற்றில் ஒரு திறந்த சமையலறை: கேள்வி பதில்

மண்டபம் வாசகர்: கூடத்தையும் சமையலறையையும் சுவரில்லாமல் ஒன்றாகக் கட்டினோம். ஆனால் இரண்டு வீட்டை ஒட்டவைத்தது போல் இருக்கிறதே, அண்ணா?

தரையில் கோடு விழுந்திருக்கும். கூடத்து டைல்ஸே அடுப்படி வரை ஓடட்டும். அலமாரிக் கதவுகளுக்குச் சுவரின் நிறத்தையே கொடுங்கள். பழக்கூடைப் படம் போட்ட சுவர் டைல்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாம்பன் வாசகி: அலமாரிக் கைப்பிடியும் கீலும் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிட்டன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த ரகம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 202 ரகம் கடற்காற்றுக்குத் தாங்காது. கீலுக்குக் குறைந்தது 304 கேளுங்கள். 316 கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் கலந்துள்ள மாலிப்டினம் என்ற உலோகம் உப்பின் அரிப்பைக் குறைக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் மயங்காதீர்கள், 202இலும் பெரும்பாலும் ஒட்டாது. கைப்பிடியே வேண்டாம் என்பேன். கதவின் மேல்விளிம்பில் விரல் நுழையும் அளவு பள்ளம் எடுத்தால் போதும். பார்வைக்கும் அமைதி, துருப்பிடிக்க ஒரு பொருளும் குறைவு. பலகை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊறி உப்பிவிடும்.

தங்கச்சிமடம் வாசகர்: மீன் வறுத்தால் சோபா வரை மணக்கிறது. சிம்னி வைத்தால் சரியாகுமா?

புகையை வெளியே தள்ளும் குழாய் இருந்தால்தான். குழாய் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, வளைவுகளும் குறைவாக இருக்க வேண்டும். நம் கரையில் கச்சான் காற்று ஒரு பக்கம், வாடைக் காற்று எதிர்ப்பக்கம் என்று பருவத்துக்குப் பருவம் மாறி மாறி அடிக்கும். சுவரில் எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் ஒரு பருவத்தில் புகை உள்ளேயே திரும்பும். குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றித் தொப்பி போடுங்கள்.

கருவாட்டுக்கு மட்டும் எந்தச் சிம்னியும் ஈடுகொடுக்காது. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஓர் ஒற்றை அடுப்பு வையுங்கள். வீட்டைத் திறந்து கட்டுகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். பின்னால் ஓர் அடுப்பு இருந்தால்தான் முன்னால் இருப்பது துப்புரவாக இருக்கும்.

கீழக்கரை வாசகி: விருந்தென்றால் பத்துப் பேருக்காவது சஹன் எடுக்க வேண்டும். கூடிச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகளை எங்கே மறைப்பது?

மேடைக்கு அடியில் செங்குத்துத் தடுப்புகள் அமைத்து, புத்தகம் போல் நிறுத்திவையுங்கள். அலமாரியின் ஆழம் வழக்கமாக 60 சென்டிமீட்டர்தான். தச்சர் பலகை அறுக்கும் முன் சஹனை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். திறந்த தட்டு அலமாரி ஆசை வேண்டாம். எண்ணெய்ப் புகையில் மணலும் உப்பும் ஒட்டிப் பிசுக்காகும்.

தொண்டி வாசகர்: மேடைக்குப் பளபளக்கும் கருப்பு கிரானைட் போடலாமா?

உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பா? உப்பென்றால் வேண்டாம். சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும், துடைத்தே ஓய்ந்துவிடுவீர்கள். பளபளப்பில்லாத சாம்பல் நிறக் கல்லைப் பாருங்கள்.