தைப்பொங்கலன்றும் உதிக்காத சூரியன்: நோர்வேக் குளிர்காலம் பற்றிய கேள்வி பதில்

நோர்வேயின் வடநகரான துரொம்சோவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், இருண்ட மாதங்களில் மனம் சோர்வது குறித்து எம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் அக்கா. படிப்புக்காக இந்த ஆண்டுதான் ஒஸ்லோவுக்கு வந்தேன். நவம்பரிலிருந்து எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. சோறும் இனிப்பும்தான் வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் எரிச்சலும் வருகிறது. இது சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை, தங்கச்சி. 1984 இல் மனநல மருத்துவர் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் பருவகால மனச்சோர்வை விவரித்தபோது, மிகைத்தூக்கமும் மாப்பொருள் உணவில் நாட்டமும் அதன் அடையாளங்களாகவே குறிக்கப்பட்டன. டிசம்பர் கடைசியில் ஒஸ்லோவின் பகல் ஆறு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. நண்பகலிலும் சூரியன் ஏழு பாகை உயரத்தை எட்டுவதில்லை. அந்தச் சிறிய பகலையும் விரிவுரை மண்டபத்துக்குள் கழித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு வெளியே வந்து வெளிச்சத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? மதிய உணவு இடைவேளையில் அரைமணி நேரமாவது வெளியே நடவுங்கள். மேகம் மூடியிருந்தாலும் அந்த நேரத்து வெளி, வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. நிலத்தில் பனி கிடந்தால் இன்னும் நல்லது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தாலோ, வாழவே வெறுப்பாக இருந்தாலோ, நடையை மட்டும் நம்பாமல் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்த்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள்.

கேள்வி: ஒளிச்சிகிச்சை விளக்கு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று பெட்டியில் எழுதியிருப்பது போதாது; எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்பதையும் பாருங்கள், ஏனெனில் விளக்கைத் தள்ளிவைத்தால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். காலையில் எழுந்தவுடன் இருபது முதல் முப்பது நிமிடம், நேரே உற்றுப் பார்க்காமல், தேநீர் அருந்தியபடி முன்னால் அமர்ந்திருங்கள். இரவில் போட்டால் தூக்கம்தான் கெடும். கண்நோய் உள்ளவர்களும், மனநிலை மிகையாக உயர்ந்து தாழும் நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: அதே விளக்கு விற்றமின் டியும் தருமா?

பதில்: தராது. அதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும். இந்த விளக்குகளில் அது வடிகட்டப்பட்டிருக்கும். நோர்வேஜியர்கள், தங்கள் மொழிப் பெயரில் "r" எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை, விற்றமின் டி உள்ள மீன் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள். கருநிறத் தோலுள்ள நமக்கு அந்த வழக்கம் இன்னும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் வீடு மலையின் நிழலில் இருக்கிறது. மாதக்கணக்கில் வெயில் படுவதில்லை.

பதில்: ரியூக்கான் நகரத்துக்கும் அதே குறைதான். பள்ளத்தாக்கில் முடங்கியிருந்த மக்கள் வெயில் காண்பதற்காக 1928 இல் மலைக்குக் கம்பிவட ஊர்தி அமைத்தார்கள்; 2013 இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலை நகரச் சதுக்கத்துக்கே திருப்பிவிட்டார்கள். நீங்கள் கண்ணாடி நிறுத்த வேண்டியதில்லை. விடுமுறை நாளில் பேருந்தேறி மேட்டுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: அக்கா, துரொம்சோவுக்கு வேலை மாறிக் குடும்பத்தோடு வருகிறோம். இரண்டு மாதமும் முழு இருட்டா? தைப்பொங்கலை என்ன செய்வது?

பதில்: முழு இருட்டென்று சொல்பவர்கள் பெரும்பாலும் வந்து பார்க்காதவர்கள். மிகக் குறுகிய நாளிலும் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மூன்று பாகை கீழேதான் நிற்கிறது. ஆகவே வானம் தெளிந்திருந்தால் ஓரிரு மணித்தியாலம் தெற்கில் இளஞ்சிவப்பும், பனிபடர்ந்த மலைகளில் நீலமுமாக ஒரு வெளிச்சம் பரவும். எனக்கு யூலை மாத நள்ளிரவுச் சூரியனைவிட இதுவே பிடிக்கும். சன்னல்களில் கிறிஸ்மசுக்கு முந்திய வருகைக்கால நட்சத்திர விளக்குகளும் தொங்கும். நீங்களும் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

பொங்கல் வரும் நாளையொட்டியே, சனவரி நடுப்பகுதியில், சூரியன் உதிக்காத துருவ இரவு கணக்குப்படி முடிகிறது. ஆனால் தெற்கிலுள்ள மலைகள் மறைப்பதால் 21ஆம் திகதியளவில்தான் சூரியன் நகருக்குத் தெரியும். அன்று சூரிய நாள். பழப்பாகு நிறைத்த பணிஸ் வாங்கி உண்பார்கள், பிள்ளைகளும் சூரியனைக் காண வெளியே வருவார்கள். பொங்கலைத் தள்ளிவைக்க வேண்டாம். உரிய நாளில் நண்பகலில் தெற்கு நோக்கிப் படையுங்கள், 21ஆம் திகதி இன்னொரு முறை பொங்கினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. பலகணியில் அடுப்பு மூட்டுவதானால் மட்டும் குடியிருப்புச் சங்கத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.