ஏலியன்கள் மனித மனதைக் கைப்பற்றும் படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

கேள்வியோடு ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறீர்கள்: விண்கலம் வந்து நகரத்தைக் கொளுத்துகிற படம் வேண்டாம், மனதைப் பிடிக்கிற படம் வேண்டும். அப்படியென்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. 1956-இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’. இயக்கம் டான் சீகல். கருப்பு வெள்ளை, மொத்தமே 80 நிமிடம். ஜாக் ஃபின்னி எழுதிய தொடர்கதையிலிருந்து எடுத்தது.

இந்தப் படத்தில் விண்கலமே கிடையாது. பச்சை நிற மனிதர்களும் இல்லை, லேசர் துப்பாக்கியும் இல்லை. வானத்திலிருந்து விதைகள் மட்டும் வந்து விழுந்திருக்கின்றன. சாண்டா மீரா என்ற கற்பனையான கலிஃபோர்னியா சிற்றூர். வெளியூர் போய்த் திரும்பும் டாக்டர் மைல்ஸிடம் ஊர்க்காரர்கள் ஒரு விசித்திரமான புகாரோடு வருகிறார்கள். ஒரு சிறுவன் ‘அது என் அம்மா இல்லை’ என்று அலறுகிறான். வில்மா என்ற பெண், தன்னை வளர்த்த ஐரா மாமா இப்போது அவர் இல்லை என்கிறாள்.

அந்த ஐரா மாமா காட்சியைச் சொல்லாமல் போக முடியாது. நல்ல வெயில். மாமா புல் வெட்டிக்கொண்டிருக்கிறார், டாக்டரிடம் சிரித்துப் பேசுகிறார். பார்க்கிற நமக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வில்மாவும் முகம் மாறிவிட்டது என்று சொல்லவில்லை. முகம் அதேதான், குரல் அதேதான், பழைய ஞாபகமெல்லாம் சரியாக இருக்கிறது, பின்கழுத்துத் தழும்பு கூட இருக்கிறது. ஆனால் அவளைப் பார்க்கும்போது அவர் கண்ணில் முன்பு இருந்த ஏதோ ஒன்று இல்லை. அவ்வளவுதான் அவளுடைய புகார். இதை வைத்துக்கொண்டு எந்தப் போலீஸிடம் போவது? பிறகு ஒருநாள் அவளே டாக்டரிடம், எனக்குச் சரியாகிவிட்டது, அன்று ஏதோ உளறிவிட்டேன் என்கிறாள். படத்தில் எனக்கு முதல் தடவை வயிற்றைக் கலக்கியது அங்கேதான்.

நடப்பது இதுதான். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவில் பெரிய விதைக்காய்கள். நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் ஒன்று இருந்தால் போதும், அதிலிருந்து உங்கள் நகல் ஒன்று வளர்ந்துவிடும். எல்லா ஞாபகமும் அதற்குள் போய்விடும், உணர்ச்சி மட்டும் போகாது. ஆக, கறாராகச் சொன்னால் இது மனதை ரிமோட்டில் இயக்கும் கதை இல்லை, ஆளையே மாற்றும் கதை. நீங்கள் கேட்டது வேறு என்று யாராவது பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஊரே ஒரே மனதாக நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஒரு காட்சி வரும். டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸின் வீட்டில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். குழந்தை தூங்கிவிட்டதா என்று ஒருவர் கேட்கிறார். இன்னும் இல்லை, தூங்கிவிட்டால் அப்புறம் அழுகையே இருக்காது என்று தாய் சாதாரணமாகச் சொல்கிறாள். பின்னணியில் அலறல் கிடையாது, ரத்தம் கிடையாது. தாய் சொல்கிற தாலாட்டு வார்த்தை மாதிரிதான் இருக்கிறது.

சரி, முகம் அதே, ஆள் மட்டும் வேறு என்பது வெறும் கற்பனையா என்றால், இல்லை. மருத்துவத்தில் இதற்குக் காப்கிரா மாயை என்று பெயர். ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1923-இல் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து இதை எழுதினார். அவர்களிடம் வந்த பெண், கணவரையும் பிள்ளைகளையும் எடுத்துவிட்டு அச்சு அசலாக வேறு ஆட்களை வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். நம் மூளை நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த இளைஞர் ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறியவர். பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்பார், அதே அப்பா தொலைபேசியில் பேசினால் சந்தேகமே படமாட்டார். முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் உணர்ச்சியை எழுப்பும் பகுதிக்கும் நடுவே உள்ள பாதை அறுந்திருக்க வேண்டும், காது வழிப் பாதை தப்பியிருக்க வேண்டும் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். ‘அம்மா மாதிரி இருக்கிறாள், ஆனால் ஒன்றும் தோன்றவில்லையே, அப்படியானால் இவள் அம்மா இல்லை’ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. வில்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். என்ன, படத்தில் வில்மா சொல்வது உண்மை.

படம் வந்த காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளைச்சலவை என்ற நம் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு அது சீன மொழியிலிருந்து வந்தது, எட்வர்ட் ஹன்டர் என்ற பத்திரிகையாளர் 1950-இல் பரப்பினார். கொரியப் போர் முடிந்தபோது கம்யூனிஸ்ட் தரப்பிடம் பிடிபட்டிருந்த அமெரிக்க வீரர்களில் 21 பேர் ஊர் திரும்ப மறுத்துவிட, அவர்கள் மனதை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நாடே பேசியது. அதனால் விதைக்காய் மனிதர்கள் கம்யூனிஸ்டுகள்தான் என்பார்கள் சிலர். இல்லை, கம்யூனிஸ்ட் வேட்டை என்று பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்கச் சொன்ன அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் கூட்டம்தான் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பொருந்துகிறது, அதனால்தான் சண்டை இன்னும் ஓயவில்லை. (டாக்டராக நடித்தவர் பெயரும் மெக்கார்த்திதான். கெவின் மெக்கார்த்தி. உறவெல்லாம் கிடையாது.)

இதே கதையை மறுபடி எடுத்த படங்களில் 1978-இல் ஃபிலிப் காஃப்மன் எடுத்ததைக் கட்டாயம் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது, டொனால்ட் சதர்லேண்ட் நாயகன். பெருநகரத்தில் ஏற்கெனவே யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு யோசனைக்காகவே அது பழையதற்குச் சமம். கெவின் மெக்கார்த்தி ஒரு காட்சியில் கத்திக்கொண்டே தெருவில் ஓடிவருவார், டான் சீகல் டாக்ஸி ஓட்டுவார். கடைசிக் காட்சியைப் பற்றி யாரையும் பேச விடாதீர்கள். 1993-இல் வந்தது பரவாயில்லை. 2007-இல் வந்ததை விட்டுவிடலாம்.

நான் முதலில் பார்த்தது ஒரு நண்பனோடு. பாதியில் தூங்கிவிட்டான். தூங்கினால் ஆள் மாறிவிடும் என்ற படத்தில்! முடிந்ததும் எழுப்பினேன். படம் நன்றாக இருந்தது என்றான், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாத குரலில். அன்று இரவு அவன் வாங்கித் தந்த தேநீரைக் கூட யோசித்துத்தான் குடித்தேன்.

பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். மருத்துவமனையில் தொடங்கி மருத்துவமனையில் முடியும் பகுதி, ஸ்டுடியோ கட்டாயப்படுத்திச் சேர்த்தது. சீகல் நினைத்த முடிவு அதற்குச் சற்று முன்பே வந்துவிடும்: இரவு, நெடுஞ்சாலை, வரிசையாகக் கார்கள், நடுவில் கத்தும் மைல்ஸ். அவர் கேமராவைப் பார்த்துக் கத்துவார். அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மீதியைப் போட்டுப் பாருங்கள்.